சில்வர் மியூலின் சில்லறைக்காரி

போல்டர் நெடுஞ்சாலை, லாஸ் வேகஸ்
ஏப்ரல் 6, 2004

அன்பு மருமகள் ட்ரூடிக்கு,

உன் ஆர்வில் மாமா எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் அக்காவாகிய உன் அம்மாவும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறோம். கல்லாவது இந்த நெவாடா வெயிலில் வெடிக்கும், நாங்கள் வெடிக்க மாட்டோம்.

உன் கடிதம் கிடைத்தது. ஆறு வருஷத்தில் நீ உன் அம்மாவைப் பற்றி ஒரு கேள்வி கேட்டு எழுதியது இதுதான் முதல் தடவை. அதனால் இரண்டு முறை படித்தேன், கண்ணாடி போடாமலே. அறுபத்தாறு வயதில் இப்படிப் பருந்துக் கண்ணைத் தான் பார்த்ததில்லை என்று கண் டாக்டரே தன் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

பக்கத்து டிரெய்லர் வீட்டு கிளாடிஸ் உனக்கு எழுதியிருக்கிறாள்: உன் அம்மா டோரீன் ஒரு காலில் ஷூவும் மறு காலில் வீட்டுச் செருப்புமாகப் பேருந்து நிறுத்தத்தில் நின்றாள், எந்தப் பேருந்தில் ஏறுவதென்று தெரியாமல் அழுதாள் என்று. "அம்மாவுக்கு நினைவு தப்புகிறதா மாமா? உண்மையைச் சொல்லுங்கள். அப்படியென்றால் பழைய கோபத்தையெல்லாம் விழுங்கிவிட்டு உடனே புறப்பட்டு வருகிறேன்" என்று நீ கேட்டிருக்கிறாய்.

கிளாடிஸ் பேச்சை நம்புகிறாயா? சொந்தப் புருஷனையே தபால்காரன் என்று நினைத்து இரண்டு முறை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் அவள்.

உண்மையைச் சொல்கிறேன், கேள். உன் அம்மாவை மறுபடி வேலைக்கு எடுத்துவிட்டார்கள்! சில்வர் மியூல் சூதாட்ட ஹோட்டலில்தான், நம்ம கழுதையில். பிப்ரவரியில் ஒரு நாள், பட்டை பட்டையாய்க் கோடு போட்ட கோட்டுடன் தள மேலாளரே நேரில் வந்தார். நான் அப்போது உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்.

"டோரீனம்மா, நீங்க இல்லாம எங்க தரையே வெறிச்சுன்னு கெடக்கு. வர்றவன் போறவன் எல்லாம் சில்லறைக்காரியம்மா எங்கன்னு கேட்டு உயிரை வாங்குறான்" என்றார்.

"மூணு வருஷம் கழிச்சுத்தான் உங்களுக்குப் புத்தி வந்துச்சா?" என்றாள் உன் அம்மா. அவள் வாய்தான் உனக்குத் தெரியுமே.

சூதாட்ட மெஷின்களில் இப்போது நாணயமே கிடையாது, எல்லாம் துண்டுச்சீட்டு, பிறகு நோட்டுக்கு நாணயம் மாற்றிக் கொடுக்கும் சில்லறைக்காரி எதற்கு என்று நீ கேட்பாய். பழைய ஆட்களுக்காக ஒரே ஒரு வரிசை மட்டும் நாணய மெஷின்களை வைத்திருக்கிறார்கள். அந்த வரிசைக்கு உன் அம்மாதான் ராணி. சட்டையில் "டோரீன், பியூட், மான்டானா" என்று பெயரும் பிறந்த ஊரும் போட்ட பழைய பித்தளைப் பட்டை. இடுப்பில் சில்லறைப் பை. சில்லறை கேட்டு யாராவது பொத்தானை அழுத்தி மெஷின் தலையில் விளக்கு எரிந்தால் போதும், ஓடிப் போய் நிற்கிறாள். முதல் நாள் அவள் உள்ளே நுழைந்தபோது பிங்கோ சூதாட்டக் கூடத்தில் ஆயிரம் பேர் எழுந்து நின்று கை தட்டினார்கள். சரி, எண்ணூறு என்று வைத்துக்கொள்.

செருப்பு விஷயம் இதுதான்: வேலைக்கு நேரமாகிவிட்டதே என்ற அவசரம். எனக்கும் நடந்திருக்கிறது. முப்பத்தொரு வருஷம் கழுதையின் பஃபேயில் மாட்டிறைச்சி வெட்டியவன் நான். ஒரு நாள் தொப்பிக்குப் பதிலாகத் துணி வடிகட்டியை மாட்டிக்கொண்டு போய் நின்றேன். அன்றைக்குத்தான் ஆளுநர் சாப்பிட வந்தார். நான் வெட்டிய துண்டைத் தூக்கிப் பிடித்து, அதன் வழியாகச் செய்தித்தாள் படித்தார், அத்தனை மெல்லிசு.

ஆகையால் நீ அவசரப்பட்டு ஓடி வர வேண்டாம். டெஸ்ஸாக் குட்டிக்கு என் முத்தம்.

உன் மாமா,
ஆர்வில்

*

பாய்சி, ஐடஹோ
ஏப்ரல் 19, 2004

ஆர்வில் மாமாவுக்கு,

கடிதம் வந்தது. நன்றி.

நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில் பத்து நாள் விடுப்புக் கேட்டு வாங்கியிருந்தேன். பெட்டியில் துணிகூட அடுக்கிவிட்டேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எடுத்து அலமாரியில் திரும்ப வைத்துவிட்டேன்.

அம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து எழுதப்போவது மகிழ்ச்சியாக இருக்காது.

மறுபடியும் அந்த ஹோட்டல்தானா மாமா?

என் கல்யாணத்தன்று நீங்கள் இருந்தீர்கள். செப்டம்பர் விடுமுறை வாரக் கடைசி. கேக் வெட்டுவதற்கு முன்னால் அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "மூணு நாள் லீவு கண்ணு, கூட்டம் பிச்சுக்கிட்டு வரும், லிகாயா தனியாத் திண்டாடுவா" என்றாள். லிகாயா! காசாளர் கூண்டில் இருக்கும் அந்தப் பெண் திண்டாடுவாளாம். நான் மண்டப வாசலில் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "போ, உன் கழுதைதான் உனக்குப் பிள்ளை" என்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு அவளும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை.

அவள் வேலையை விட்ட இந்த மூன்று வருஷமும் நான் மனசுக்குள் ஒன்று சொல்லிக்கொண்டிருந்தேன்: வேலை விட்டாயிற்று, வயதாகிவிட்டது, என்றைக்காவது ஒரு நாள் அவளுக்கே என் நினைப்பு வரும். வேலை இல்லாத நேரத்தில் நானாவது வருவேன் என்று நினைத்தேன். இப்போது அந்த நேரமும் போய்விட்டது. அறுபத்தெட்டு வயதிலும் அவர்கள் விரலைச் சொடுக்கினால் ஓடுகிறாள். ஐந்து வயதுப் பேத்தியை இன்னும் பார்த்ததில்லை.

நான் வரவில்லை. அவளுக்கு நான் தேவைப்பட்டிருந்தால் வந்திருப்பேன். கடிதம் எழுதியதை அவளிடம் சொல்ல வேண்டாம்.

ட்ரூடி

*

போல்டர் நெடுஞ்சாலை
ஜூன் 1, 2004

அன்பு மருமகளே,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. இங்கே ஒரே கொண்டாட்டம்.

உன் அம்மாவை மே மாதத்தின் சிறந்த ஊழியர் என்று தேர்ந்தெடுத்துவிட்டார்கள். நுழைவாசலில் ஆளுயரப் படம். இல்லை, ஆளை விடக் கொஞ்சம் உயரம். படத்தின் கீழே நின்று ஹோட்டலின் பந்துருட்டு விளையாட்டு அணிக்காரர்கள் ஒவ்வொருவராகப் புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். வியாழக்கிழமை இலவசப் பரிசு நாளில், வரிசையில் நின்ற உள்ளூர்க்காரர் அத்தனை பேருக்கும் அவள் கையாலேயே ரொட்டி வாட்டும் மெஷின் கொடுத்தாள். ஒரு கிழவர் தன்னுடையதில் அவள் கையெழுத்தைக் கேட்டு வாங்கினார்.

நேற்று நான் அவளுடன் போயிருந்தேன். ஹெர்ப் உனக்கு நினைவிருக்கும், பழைய பேருந்து ஓட்டுநர், மூலையில் உட்கார்ந்து ஒரே மெஷினைப் பதினெட்டு வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறவர். அவர் விளக்குப் பொத்தானை அழுத்தினார். உன் அம்மா போய் நின்றாள்.

"என்ன டோரீன், இன்னைக்காவது ராசியான சில்லறையாக் குடு" என்றார்.

"சில்லறை ராசிதான். உன் கைதான் வெளங்காதது" என்றாள்.

வரிசையே சிரித்தது. கேட்டாயா? அறிவு கத்தி மாதிரி இருக்கிறது அவளுக்கு. நான் பஃபேயில் வைத்திருந்த கத்தி மாதிரி. அதன் கூர்மையைப் பார்த்து ஒரு வியாபாரி மயங்கி விழுந்திருக்கிறான், உனக்குச் சொல்லியிருக்கிறேனா?

வீட்டிலும் நன்றாகத்தான் இருக்கிறாள். என் காது இப்போது ஃபோனில் ஒன்றுக்கும் ஆகவில்லை, ஆனால் அவள் பேசினால் மட்டும் எனக்குப் புரிந்துவிடுகிறது. மாலையில் டிரெய்லர் வாசலில் மடக்கு நாற்காலி போட்டு உட்காருகிறோம். அவள் பியூட் ஊர்க் கதை பேசுகிறாள். செம்புச் சுரங்கம், பனி, அப்பா சாப்பாட்டு டப்பாவோடு இறங்கிப்போகிறது, எல்லாம் நேற்று நடந்த மாதிரி சொல்கிறாள்.

ட்ரூடி, நீ இந்தப் பக்கம் வேறு ஏதாவது வேலையாக வருகிற மாதிரி இருந்தால் வா. வராவிட்டாலும் பரவாயில்லை. கோடையில் இங்கே காற்றே கொதிக்கும், குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாது. எதற்குச் சொன்னேன் என்றால், சும்மா சொன்னேன்.

மாமா ஆர்வில்

*

பாய்சி
ஆகஸ்ட் 30, 2004

மாமா,

உங்கள் கடிதத்தை மூன்று மாதமாகச் சமையலறை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். ஹெர்ப் வருகிற இடத்தைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். அது அம்மாவேதான். "உன் கைதான் வெளங்காதது." அந்தக் குரல் எனக்குக் கேட்டது.

டெஸ்ஸாவைப் போன வாரம் பள்ளியில் சேர்த்தோம். குடும்பப் படம் வரையச் சொன்னார்களாம். பாட்டி இருக்கிற இடத்தில் ஒரு கழுதையை வரைந்துவிட்டு வந்திருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். "அம்மா, பாட்டி கழுதையில இருக்காங்கன்னு நீதான அப்பாகிட்ட சொன்ன?" என்றாள். அவள் அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாமா, எனக்கு முப்பத்தெட்டு வயது. நானும் இப்போது வேலைக்குப் போகிறேன், குழந்தையை யாரிடமோ விட்டுவிட்டுத்தான் போகிறேன். அப்பா எங்களை விட்டுப் போன பிறகு அம்மாவுக்கு அந்த வேலையைத் தவிர வேறு என்ன இருந்தது என்று இப்போதுதான் யோசிக்கிறேன். அவள் விரும்பிச் செய்கிற வேலை அவளுக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. அதற்காக நான் ஏன் அவளைத் தண்டிக்க வேண்டும்?

நவம்பரில், வான்கோழி விருந்து வைக்கும் நன்றித் திருநாளுக்கு, குழந்தையோடு வருகிறேன். அவளிடம் சொல்லாதீர்கள். நேராகக் கழுதைக்கு வந்து, அவள் வரிசையில் உட்கார்ந்து, விளக்கை அழுத்தப்போகிறேன். அவள் சில்லறைப் பையோடு வந்து நின்று என் முகத்தைப் பார்க்கட்டும். அதற்கு மேல் நான் ஒன்றும் யோசித்து வைக்கவில்லை.

அவளுக்கு எந்த நாள், எந்த நேரம் வேலை? எழுதுங்கள்.

ட்ரூடி

*

போல்டர் நெடுஞ்சாலை
செப்டம்பர் 14, 2004

அன்பு மருமகளே,

நவம்பர் சரிப்படாது. கழுதையில் அந்த வாரம் உள்ளூர்க்காரர் எல்லோருக்கும் இலவச வான்கோழி. கூட்டம் மலைவரைக்கும் நிற்கும். போன வருஷம் ஒருவர் வரிசையிலேயே கல்யாணம் நிச்சயம் செய்துகொண்டார். உன் அம்மாவுக்குத் தலை சொறிய நேரமிருக்காது.

டிசம்பரிலும் அப்படித்தான். ஜனவரியில் கணக்கெடுப்பு. வசந்த காலத்தில் பார்க்கலாம்.

வேலை நேரம் வாரத்துக்கு வாரம் மாறுகிறது, அதனால் எழுதவில்லை.

டிரெய்லர் கூரையை நானே பழுது பார்த்தேன். ஏழு நாள் வேலையை ஒரே நாளில்.

ஆர்வில்

*

பாய்சி
அக்டோபர் 11, 2004

ஆர்வில் மாமா,

உங்கள் கடிதம் என்னவோ மாதிரி இருந்தது. நீங்கள் அரைப் பக்கத்தில் கடிதத்தை முடித்து நான் பார்த்ததே இல்லை. அதனால் வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு இடைவேளையில் நானே கழுதைக்கு ஃபோன் செய்தேன். அம்மாவின் வேலை நேரம் வேண்டும் என்றேன். கூண்டுக்கு இணைப்புக் கொடுத்தார்கள். லிகாயா எடுத்தாள்.

"டோரீன் அக்காவா? அவங்க இங்க வேலை பாக்கலையேம்மா."

"பிப்ரவரியிலேர்ந்து மறுபடி சில்லறை குடுக்கறாங்கன்னு மாமா எழுதினாரே" என்றேன்.

பின்னால் மெஷின்களின் பாட்டு மட்டும் கேட்டது.

"நீ ட்ரூடியா?" என்றாள். "ஐயோ கண்ணு, உனக்கு யாருமே சொல்லலையா?"

பிறகு அவள்தான் சொன்னாள். பிப்ரவரியில் ஒரு நாள் அம்மா பழைய சீருடையை மாட்டிக்கொண்டு, வேலைக்கு வந்திருப்பதாக நினைத்து உள்ளே வந்து நின்றாளாம். நாணய வரிசை எங்கே என்று ஒவ்வொருவராகக் கேட்டாளாம். நாணய வரிசை என்று ஒன்றே அங்கே கிடையாது மாமா. ஒன்றுகூட இல்லை. எங்கே போயிற்று என்று தெரியாமல் தரையின் நடுவில் நின்று அழுதாளாம். காவலாளி வெளியே கூட்டிக்கொண்டு போகப் பார்த்தபோது, ஹெர்ப் தன் மெஷினில் விளக்கை அழுத்தினாராம். அம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவரிடம் போய், "எவ்வளவுக்கு வேணும்?" என்றாளாம்.

அன்றிலிருந்துதான் இது. லிகாயா கிடங்கிலிருந்து, இப்போது எதற்கும் செல்லாத பழைய பித்தளை வில்லைகளை எடுத்து அம்மாவின் பையில் போடுகிறாள். வாடிக்கையாளர்கள் கழுதைப் படம் போட்ட விளம்பர நோட்டை நீட்டுகிறார்கள். அம்மா எண்ணிக் கொடுக்கிறாள். மதியம் எல்லோரும் வில்லைகளைக் கூண்டில் திருப்பிக் கொடுக்கிறார்கள். மறுநாள் காலை மறுபடியும். மேலாளரும் கண்டுகொள்வதில்லையாம்.

முன்பின் தெரியாத அத்தனை பேரும் என் அம்மாவுக்காக இதைச் செய்கிறார்கள். எனக்கு மட்டும் தெரியவில்லை. என்னை விட்டுவிட்டுப் போய் வேலை பார்க்கிறாள் என்று நான் இங்கே உட்கார்ந்து அவள் மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

லிகாயாவிடம், ஏப்ரலில் நான் வந்திருந்தால் என்னை அம்மாவுக்குத் தெரிந்திருக்குமா என்று கேட்டேன்.

"ஏப்ரல்ல எல்லாம் உன் போட்டோவைக் கம்பி வழியா எனக்குக் காட்டுவாங்கம்மா. எம் பொண்ணு, பாய்சியில இருக்கான்னு."

"இப்ப?" என்றேன்.

"இப்பக் காட்டறதில்ல கண்ணு."

உண்மையைச் சொல்லுங்கள் என்று நான் கேட்டேன் மாமா. ஒரே ஒரு தடவை கேட்டேன். ஏன்?

ட்ரூடி

*

போல்டர் நெடுஞ்சாலை
அக்டோபர் 18, 2004

ட்ரூடி,

ஏழாம் வகுப்போடு நின்றவன் நான். இதை எப்படி எழுதுவதென்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நடந்தபடி எழுதுகிறேன்.

ஏப்ரலில் உன் கடிதம் வந்தபோது உன் அம்மா மேசைக்கு எதிரில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நல்ல நாள். நல்ல நாள் என்றால் அவளுக்கு எல்லாம் தெரிகிற நாள். உன் கடிதத்தை நான் உரக்கப் படித்தேன். நீ வருகிறேன் என்று எழுதிய இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"அவள வரச் சொல்லி எழுதுடா ஆர்வில்" என்றாள். "இன்னைக்கே எழுது. இப்ப அவ மொகம் என்கிட்ட இருக்கு. எத்தன நாளைக்கு இருக்கும்னு தெரியல."

நான் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த எண்ணூறு பேர் கை தட்டியதை எழுதினேன்.

நீ வந்தால் பார்ப்பாய். பார்த்தால் அவளைக் கூட்டிக்கொண்டு போவாய், பாய்சியில் நர்சுகள் இருக்கிற ஏதாவது நல்ல இடத்துக்கு. அதுதான் சரியும்கூட. அவள் போய்விட்டால் இந்த டிரெய்லரில் நான் யார் பேச்சைக் கேட்பது? என் காதுக்கு எட்டுகிற ஒரே வாய் அவளுடையது. அதை எழுதியிருக்கலாம், எழுத வெட்கமாக இருந்தது. பெருமையாக எழுதினால் எனக்கு வெட்கம் தெரிவதில்லை. என் வாழ்நாள் முழுவதும் அப்படித்தான்.

பிறகு தினமும் கேட்டாள். "பதில் வந்துச்சா?" தபாலில் வந்துகொண்டிருக்கிறது என்றேன். உன் கோபக் கடிதம் வந்தது. அதை அவளுக்குப் படித்துக் காட்டினேன், ஆனால் நீ எழுதியதைப் படிக்கவில்லை. கோடை பிறந்ததும் வருகிறேன், அம்மாவை நினைக்காத நாளில்லை என்று நீ எழுதியிருப்பதாகப் படித்தேன். அவள் அந்தக் காகிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். நல்லவேளை, அதற்குள் அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராமல் போயிருந்தது.

ஜூன் முழுக்கக் கேட்டாள். ஜூலையில் ஒரு நாள் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. எனக்கு அப்பாடா என்று இருந்தது. இதை உனக்கு எழுத வேண்டுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிட்டேன்.

சிறந்த ஊழியர் படம் கிடையாது. ஆளுநர் வந்ததும் கிடையாது. ஹெர்ப்பிடம் அவள் சொன்ன பதில் மட்டும் உண்மை.

வா ட்ரூடி. நான் வேண்டுமானால் கிளாடிஸ் வீட்டில் இருந்துகொள்கிறேன், உன் கண்ணில் படமாட்டேன்.

ஆர்வில்

*

பாய்சி
நவம்பர் 30, 2004

ஆர்வில் மாமாவுக்கு,

நான் அங்கே வந்திருந்த நான்கு நாளும் நீங்கள் சொன்னபடியே கிளாடிஸ் வீட்டில் இருந்துகொண்டீர்கள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் கையசைக்கவில்லை. அப்போது முடியவில்லை.

வீட்டில் அம்மா என்னிடம் மரியாதையாக இருந்தாள். மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்திருக்கிற பெண் என்று நினைத்துக்கொண்டாள். நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்காரச் சொன்னாள். அதனால் சனிக்கிழமை காலை டெஸ்ஸாவைக் கூட்டிக்கொண்டு கழுதைக்குப் போனேன். என்னை எங்கேயாவது தெரியுமென்றால் அங்கேதான் தெரியும் என்று நினைத்தேன்.

ஹெர்ப் எழுந்து தன் இடத்தைக் கொடுத்தார். பதினெட்டு வருஷத்தில் அந்த நாற்காலியை வேறொருவருக்கு விட்டது இதுதான் முதல் முறை என்று லிகாயா பிறகு சொன்னாள். விளக்கை அழுத்தினேன்.

அவள் வந்தாள் மாமா. வீட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவள் அங்கே நிமிர்ந்து, வேகமாக, பையைக் குலுக்கிக்கொண்டு வந்தாள்.

"எவ்வளவுக்கு கண்ணு?" என்றாள்.

நான் ஐந்து டாலர் நீட்டினேன். என் கையை விரித்துப் பிடித்து, கட்டைவிரலால் தள்ளித் தள்ளி வில்லைகளை எண்ணிப் போட்டாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"அம்மா, நான் ட்ரூடி" என்றேன்.

குடித்திருக்கிற வாடிக்கையாளரிடம் சிரிப்பாளே, அப்படிச் சிரித்தாள். "நல்ல பேரு. யார் வச்சது?" என்றாள்.

"நீதாம்மா."

"நானா? எனக்கெங்கம்மா நேரம்" என்றாள்.

பிறகு குனிந்து டெஸ்ஸாவைப் பார்த்தாள். முகம் மாறியது. அவள் தோளைப் பிடித்து மெதுவாகக் கம்பளத்தின் ஓரத்துக்கு, மெஷின்களுக்கு வெளியே, தள்ளினாள். "பிள்ளைங்க இங்க நிக்கக் கூடாது கண்ணு. காவலாளி பாத்தா அம்மா வேலை போயிரும். காபிக் கடையில போயி உக்காந்து வீட்டுப் பாடம் எழுது. அம்மா முடிச்சுட்டு வந்துர்றேன். எங்கேயும் போயிராத. வந்துர்றேன், சரியா?"

எட்டு வயதிலிருந்து பதினைந்து வயது வரைக்கும், பள்ளி விட்டதும் ஒவ்வொரு நாளும் எனக்குச் சொன்னது. அதே வார்த்தைகள், அதே வரிசையில். என் மகளைப் பார்த்து, எட்டு வயது என்னிடம் சொன்னாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். டெஸ்ஸா, "சரி பாட்டி" என்றாள். அம்மா திருப்தியாகத் தலையாட்டிவிட்டு அடுத்த விளக்குக்குப் போய்விட்டாள்.

நான் காபிக் கடையில் போய் உட்கார்ந்தேன். அவள் வரவில்லை. சின்ன வயதில் எப்போதும் வருவாள். எவ்வளவு நேரமானாலும் வருவாள். அதை ஏன் நான் இத்தனை வருஷம் மறந்துபோனேன் என்று தெரியவில்லை.

இங்கே இரண்டு காப்பகங்களைப் பார்த்து வைத்திருந்தேன். நல்ல இடங்கள்தான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு என்ன செய்வதென்று தெரிகிற ஒரே இடம் அந்தத் தரைதான். அங்கிருந்து கூட்டிக்கொண்டு வந்தால் நான் எனக்காகத்தான் கூட்டிக்கொண்டு வருவேன். அவளால் அங்கே போய்வர முடிகிற வரைக்கும் உங்களோடு இருக்கட்டும். காலை வேளைக்கு ஒரு நர்சு வர ஏற்பாடு செய்திருக்கிறேன்.

உங்களை நான் மன்னித்துவிட்டேன் என்று எழுத முயன்றேன். ஏப்ரலிலிருந்து ஜூலை வரைக்கும் அவள் எனக்காகக் காத்திருந்தாள். அந்த மூன்று மாதத்தை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். நானும் ஆறு வருஷத்தை எடுத்துக்கொண்டேன், அது எனக்குத் தெரியும். ஆனால் என்னுடையதை வைத்து உங்களுடையதைச் சமன் செய்ய எனக்கு வரவில்லை.

ஒன்று மட்டும் செய்யுங்கள். வாரம் ஒரு கடிதம் எழுதுங்கள். நடந்ததை மட்டும். அழகாக இருக்க வேண்டியதில்லை. ஒரு சொல் கூட்டி எழுதினாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

ட்ரூடி

*

போல்டர் நெடுஞ்சாலை
டிசம்பர் 14, 2004

ட்ரூடி,

இந்தக் கடிதத்தை நான்காவது தடவையாக எழுதுகிறேன். முதல் மூன்றிலும் ஏதாவது சேர்ந்துவிட்டது. கிழித்துப் போட்டேன். மூன்றாவதில் அவள் உன் பெயரைச் சொன்னாள் என்று எழுதியிருந்தேன். சொல்லவில்லை.

திங்கட்கிழமை முட்டை சாப்பிட்டாள், பாதி. நர்சு வந்தாள். அவள் பெயர் வான்டா. உன் அம்மாவுக்கு அவளைப் பிடிக்கவில்லை.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் கழுதைக்குப் போனோம். செவ்வாயன்று பதினொரு பேர் விளக்கை அழுத்தினார்கள். நானே எண்ணினேன். புதன் ஆறு பேர். ஹெர்ப்புக்குச் சளி, வரவில்லை. இரண்டு தடவை எண்ணிக்கையை விட்டுவிட்டாள். வாடிக்கையாளர்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலில் வீக்கம். போகவில்லை. நாள் முழுக்க ஜன்னல் பக்கத்தில் நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

சாயங்காலம் அழுதாள். என்னக்கா என்று கேட்டேன்.

"யாரோ வரணும்டா" என்றாள்.

யாரு என்று கேட்டேன்.

வெகுநேரம் யோசித்தாள். தெரியவில்லை என்றாள்.

அவ்வளவுதான் நடந்தது.

ஆர்வில்